குழாயின் மூச்சு

சேர் வேண்டாங்க்கா, நின்னுக்கிறேன். நின்னாத்தான் தெருமுனை தெரியுது. அவ என்னைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நான் அவளைப் பார்த்துரணும். முதல்ல அவ பார்த்துட்டான்னா அப்படியே அந்தச் சந்துல திரும்பிப் போயிருவா.

தண்ணியா, குடுங்க. சொம்பு நிறையக் குடுக்கிறீங்களே. ரெண்டு மடக்கு போதும். மிச்சத்தை இந்தச் சுவத்து மேல வெச்சுக்கிறேன், பேசிக்கிட்டே குடிப்பேன். என்னது, இது மாரி காலையில கொண்டு வந்ததா? உங்க வீட்டுக்கும் சேர்த்தா எடுக்கிறா? அவ அப்படித்தான். தூக்க ஆரம்பிச்சான்னா தூக்கிக்கிட்டே இருப்பா.

நீங்க ஜெயக்கொடி அக்காதானே? மாரி சொல்லியிருக்கா, அண்ணன் வீட்டுக்கு எதிர்வீடு, நாள் முழுக்க மிளகாய் வத்தல் காம்பு கிள்ளுவாங்கன்னு. நான் வேல்ராஜ். தங்கமாரி வீட்டுக்காரன். மச்சான் கல்யாணத்துல மைக்செட் மக்கர் பண்ணினப்ப ஒருத்தன் பந்தலுக்குப் பின்னாடி உட்கார்ந்து சரி பண்ணினானே, அது நான்தான். பார்த்திருக்க மாட்டீங்க. நான் அப்படி ஓரமாத்தான் இருப்பேன்.

மணி நாலாயிருச்சா? ஆறு மணிக்குள்ள எனக்கு ஒரே ஒரு வீடியோ வேணும்க்கா. ஒரு நிமிஷம்கூட வேண்டாம். மாரி போனைப் பார்த்து, "நான் தங்கமாரி, இந்தப் பெட்டி எங்க வீட்டுக் குழாய்ல இருக்கு, இது வந்த பிறகு எனக்கு நிம்மதி"ன்னு சொல்லணும். அவ்வளவுதான். அதை ஆறு மணிக்குள்ள ஏத்தலேன்னா இதுவரைக்கும் வந்த பணம் மொத்தமும் போட்டவங்களுக்கே திரும்பிப் போயிரும். இன்வெர்ட்டர் சர்வீஸ் வேலையை விட்டுட்டு ஒரு வருஷமா இதுலதான் கிடக்கிறேன். திரும்பிப் போக வேலை இல்ல. அந்த இடத்துக்கு வேற ஆள் வந்துட்டான். நேத்து அவன்தான் போன் போட்டு ஒரு இன்வெர்ட்டர்ல என்ன கோளாறுன்னு என்கிட்டயே கேட்டான். சொல்லிக் குடுத்தேன்.

கூட்டிட்டுப் போகத்தான் வந்தியான்னா கேட்கிறீங்க? ஆமா, கூட்டிட்டுப் போகணும்தான். அதுவும்தான். முதல்ல வீடியோ முடியட்டும்.

எங்க ஊரு சங்கதி தெரியுமா உங்களுக்கு? குழாய்த் தண்ணி எட்டு நாளைக்கு ஒரு தடவை, பத்து நாளைக்கு ஒரு தடவை. என்னைக்கு வரும், எந்நேரம் வரும், யாருக்கும் தெரியாது. நாங்க இருக்கிறது காலனியில கடைசித் தெரு. தொட்டி மேட்டுல, முதல் தெருப் பக்கம். அங்கிருந்து தெருத் தெருவா இறங்கி வந்து எங்க வீட்டோட குழாய் முடிஞ்சிரும். அதுக்கு அந்தப் பக்கம் கருவேலங்காடு.

வால்வைத் திறந்ததும் தண்ணி உடனே வந்துராதுக்கா. முதல்ல காத்துதான் வரும். குழாய்க்குள்ள அடைஞ்சு கிடக்கிற காத்தையெல்லாம் தண்ணி தள்ளிக்கிட்டே வரும். அந்தக் காத்து வேற போக்கிடம் இல்லாம எங்க வீட்டுக் குழாய்ல வந்து உஸ்ஸுன்னு வெளிய போகும். மாரி அதைக் "குழாய் மூச்சு விடுது"ம்பா. அசந்து தூங்கினாலும் அது கேட்டுரும் அவளுக்கு. பாப்பா சிணுங்கினா நான்தான் எழுப்பணும், ஆனா அந்த மூச்சுக்குத் தானா எந்திரிச்சிருவா. கதவைத் திறந்து, தெருவைப் பார்த்து, "வருது, வருது"ன்னு ரெண்டே சத்தம். தெருவே எந்திரிச்சிரும். முதல் தெருக்காரங்க தூங்கிக்கிட்டிருப்பாங்க. அவங்க முழிச்சு மோட்டாரைப் போடுறதுக்குள்ள எங்க தெருவுல வீட்டுக்கு ஏழெட்டுக் குடம் நிறைஞ்சிரும்.

அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. அவளைப் பார்த்து இல்ல, அந்தக் காத்தைப் பார்த்து.

ஒரு பெட்டி. சோப்பு டப்பா அளவுதான். இந்தாங்க, வீடியோவுல காட்டக் குழாய்ல இருந்து கழட்டிக் கொண்டு வந்திருக்கேன், பாருங்க. இதைக் கடைசிக் குழாய் கழுத்துல மாட்டிட்டா, காத்து சத்தத்தைக் கண்டுபிடிச்சு, நம்பர் குடுத்திருக்கிற அத்தனை பேர் போனும் அடிக்கும். யாரும் காத்துக் கிடக்க வேண்டாம், யாரும் கத்த வேண்டாம். 'வருது'ன்னு பேர் வெச்சேன். பேர் நல்லாருக்குன்னு எல்லாருமே சொன்னாங்க.

மாரிதான், "அது நம்ம தெருவுக்கு மட்டும் தெரிஞ்ச சத்தம், அதைப் போய் எதுக்கு ஊருக்குச் சொல்றீங்க"ன்னா. நான் சொன்னேன், "மாரி, இதுக்குப் பேர்தான் ஸ்டார்ட்அப்." அவ அரிசி களைஞ்ச தண்ணியை வாளியில ஊத்தி மூடி வெச்சா.

நெடி ஏறுது. அது என்ன, முண்டு வத்தலா?

ஒரு தொழில் தொடங்கணும்னா முதல்ல வாங்கப் போறவங்ககிட்ட நேர்ல போய்ப் பேசுன்னு ஆன்லைன் வகுப்புல சொன்னாங்க. போகாம இல்லைக்கா, போனேன். முதல் தெருவுல ஒரு வீட்டு பெல்லை அடிச்சேன். அந்தம்மா கேட்டைத் திறக்காமயே, "கேபிளா?"ன்னாங்க. இல்லைன்னேன். "அப்ப எதுவும் வேண்டாம்"னு உள்ள போயிட்டாங்க. அத்தோட அதை விட்டுட்டேன். எனக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது. சர்வீசுக்குப் போனாக்கூட பேட்டரிகிட்ட குனிஞ்சுக்கிட்டேதான் பேசுவேன்.

அப்புறம்தான் ஏஐ. உங்க வீட்டுல பிள்ளைங்க யாராவது போன்ல வெச்சிருப்பாங்க. என்ன கேட்டாலும் பதில் சொல்லும், எப்ப கேட்டாலும் சொல்லும். "நீ இருநூறு குடும்பத் தலைவியா மாறு, ஒவ்வொருத்தரா வந்து இந்தப் பெட்டியைப் பத்தி உன் அபிப்பிராயத்தைச் சொல்லு"ன்னேன். சொல்லுச்சுக்கா. பேர், வயசு, எத்தனை பிள்ளைங்க, என்ன கஷ்டம், எல்லாத்தோடயும். முக்கால்வாசிப் பேருக்கு மேல கட்டாயம் வாங்குவோம்னுட்டாங்க. மிச்சப் பேர் விலையைக் கொஞ்சம் குறைங்கன்னாங்க. பிடிக்கலேன்னு ஒருத்தர்கூடச் சொல்லல.

வீடு எப்படி இருக்கணும்னு விவரம் நான்தான் குடுத்தேன். சொந்த வீடு, வாசல்ல குழாய், கீழ சம்ப்பு, ஒரு மோட்டார். கடைசித் தெருன்னு எழுதல. எழுதணும்னு தோணல. அங்கதானே நான் இருக்கேன், அது எனக்கே தெரியுமே, அதைப் போய் என்ன கேட்கிறதுன்னு.

அதுல சுமதின்னு ஒருத்தங்க. முப்பத்தெட்டு வயசு, ரெண்டு பையன். ரொம்பத் தெளிவாப் பேசுவாங்க. பெட்டிக்கு என்ன நிறம், சத்தம் எப்படி இருக்கணும், எல்லாம் அவங்ககிட்டதான் கேட்பேன். "உங்களைப் போன்றவர்கள் எங்களுக்காக யோசிப்பதே பெரிய விஷயம்"னாங்க ஒரு தடவை. அதை நான் எடுத்து வெச்சிருக்கேன்.

மாரி அடுப்படியில இருந்து கேட்டா, "யாரு கூடப் பேசுறீங்க?"

"வாங்கப் போறவங்ககிட்ட."

"பொம்பளையா?"

"நிஜ ஆள் இல்ல மாரி."

"நான் நிஜ ஆள்தானே. என்கிட்ட கேளுங்களேன்."

"நீ வீட்டு ஆளு. உன் அபிப்பிராயம் கணக்குல வராது"ன்னேன். அது நானாச் சொன்னதில்லைக்கா, வகுப்புல அப்படித்தான் சொன்னாங்க. சொந்தக்காரங்க மனசு நோகாம இருக்கணும்னு நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்களாம், அதை நம்பி இறங்கக் கூடாதாம்.

காலனியில ஒரு சோதனை ஓட்டம் விட்டேன். முதல் தெரு, ரெண்டாம் தெருவுல நாப்பது வீடு. வாட்ஸப் குரூப்ல சும்மா போட்டதுக்கே வந்து சேர்ந்துட்டாங்க. பெட்டி ஒண்ணுதான், எங்க வீட்டுக் குழாய்ல. கூடவே கிரவுட் ஃபண்டிங்குக்கும் போட்டேன். அது என்னன்னா, கோயில் கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி பிரிக்கிறோம்ல, அது மாதிரி. ஊர் பேர் தெரியாத ஜனங்க போன்லயே ஆளுக்குக் கொஞ்சம் போடுவாங்க. பெட்டி தயாரானதும் அவங்க ஊருக்கு ஒண்ணு அனுப்பணும். ஒரே ஒரு கண்டிஷன். நாம கேட்ட தொகை முழுசா வந்தாத்தான் கையில குடுப்பாங்க. குறைஞ்சா எல்லாம் திரும்பப் போயிரும். குறைஞ்சா மட்டும் இல்ல, யாராவது கேள்வி கேட்டு அதுக்கு நாம ஒழுங்கா பதில் சொல்லலேன்னாலும்தான்.

அதுக்கு ஒரு படம் வேணும். ஒரு பொம்பளை நிறைகுடத்தோட சந்தோஷமா நிக்கணும். மாரியை நிக்கச் சொன்னேன். தலை சீவாம நிக்க மாட்டேன்னா, சீவிட்டு வந்தப்ப வெளிச்சம் போயிருச்சு. மறுநாள் தண்ணி இல்ல, குடத்துல. அதனால ஏஐகிட்டயே கேட்டேன். அரை நிமிஷத்துல குடுத்துச்சு. என்னா அழகு. சிரிச்ச முகம், பித்தளைக் குடம், பின்னாடி மாடி வீடு. அந்தப் படத்தையே அசைய வெச்சு பேச வெச்சுக் குடுத்துச்சு. 'வருது' வந்த பிறகு என் வாழ்க்கையே மாறிவிட்டதுன்னு அவ சொல்லுவா.

மாரிகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. "யாரு இவ?"ன்னா. யாரும் இல்லைன்னேன். "கழுத்துல கருகமணி போட்டிருக்கா, இவ நம்ம ஊர்க்காரி இல்ல"ன்னா. அப்புறம் போனைத் திருப்பிக் குடுத்துட்டு, "குடத்துல தண்ணியும் இல்ல"ன்னா. எப்படிச் சொல்றேன்னு கேட்டேன். "குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு நெட்டுக்குத்தா நிக்கிறா பாருங்க. நிறைகுடம்னா உடம்பு இந்தப் பக்கம் சாயும். வெறுங்குடம் தூக்குறவதான் இப்படிச் சிரிப்பா"ன்னா.

நான் அதைப் பெருசா எடுத்துக்கல. பொறாமைன்னு நினைச்சேன். அந்தப் பொம்பளை இல்லவே இல்லைன்னு தெரிஞ்சும் ஒருத்திக்குப் பொறாமை வரும்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பெட்டி நல்லா வேலை செஞ்சுச்சுக்கா. அதைச் சொல்லணும். ஒரு தடவைகூடத் தப்பல. குழாய் மூச்சு விட்டதும் மேல நாப்பது போன் அடிச்சுச்சு. நாப்பது வீட்டுலயும் எந்திரிச்சு மோட்டாரைப் போட்டுட்டாங்க. தண்ணி அவங்க வாசலைத் தாண்டலை. குழாய்ல நேரா மோட்டார் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. இருக்குதான், யார் கேட்கிறா? எங்க தெருவுக்கு அன்னைக்குக் காத்து மட்டும்தான் வந்துச்சு. மாரி வழக்கம் போல "வருது, வருது"ன்னு கத்திட்டா. எல்லாரும் குடத்தோட வந்து நின்னாங்க. நின்னுக்கிட்டே இருந்தாங்க. விடிஞ்சிருச்சு.

அடுத்த தடவையும் அப்படித்தான். அதுக்கு அடுத்த தடவை மாரி கத்தவே இல்ல.

பெரிய திட்டத்துல முதல்ல இப்படிச் சில சிக்கல் வரும். ஏஐகிட்ட கேட்டேன், கடைசித் தெருவுக்குத் தண்ணி வரலையே, என்ன செய்யன்னு. "மிக முக்கியமான கேள்வி"ன்னு ஆரம்பிச்சுச்சு. கடைசித் தெருக்காரங்களுக்கு மட்டும் பத்து நிமிஷம் முன்னாடியே போன் அடிக்கிற மாதிரி ரெண்டாவது மாடல் செய்யலாம்னு யோசனை சொல்லுச்சு. நல்ல யோசனைதான். தண்ணியே வராத இடத்துல பத்து நிமிஷம் முன்னாடி தெரிஞ்சு என்ன செய்யன்னு மாரி கேட்டா. அதையும் ஏஐகிட்ட கேட்டேன். அதுவும் மிக முக்கியமான கேள்வின்னுச்சு.

ஒரு நாள் பெட்டியைக் காணோம். வீடெல்லாம் தேடினேன். அரிசிப் பானைக்குள்ள இருந்துச்சு. அவதான் கழட்டி உள்ள போட்டு மேல அரிசியை மூடி வெச்சிருந்தா. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு, பாப்பாகிட்ட மிட்டாயை ஒளிச்சு வைக்கிற மாதிரி. எடுத்துத் திரும்ப மாட்டி, நாலு பக்கமும் ஸ்க்ரூ வெச்சு முடுக்கிட்டேன். அவ பார்த்துக்கிட்டேதான் நின்னா.

தெருப் பொம்பளைங்க வாய் சும்மா இருக்குமா. "ஏ மாரி, உன் வீட்டுக்காரன் மேட்டுத் தெருவுக்குத் தண்ணி காட்டுறான், நமக்கு மிஷின் காட்டுறான்." "ஏத்தா, அந்தப் படத்துல இருக்கிறவளையாவது ரெண்டு குடம் கொண்டாரச் சொல்லு." இப்படி. ராக்காயின்னு ஒருத்தி, மாரிக்கு உயிர்த்தோழி. பிரசவத்துக்கு அவதான் கூட இருந்தா. அவ பேசுறதையே விட்டுட்டா.

ஒரு நாள் காலையில கதவைத் திறக்கிறேன், எங்க வாசல்ல காலிக் குடம். வரிசையா. தெருவுல எத்தனை வீடோ அத்தனை குடம். பிளாஸ்டிக், எவர்சில்வர், நசுங்கினது, அடி ஒட்டுப்போட்டது. ரோட்டை மறிக்கிறதுக்குத்தானே காலிக் குடத்தை வைப்பாங்க, என் வாசலை மறிச்சு வெச்சிருந்தாங்க. ஒருத்தரும் வெளிய இல்ல. எல்லார் வீட்டுக் கதவும் சாத்தியிருக்கு.

எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? வெயில் சாய்வா விழுந்துச்சு, ஒவ்வொரு குடத்துக்கும் நீளமா நிழல். அப்படி ஒரு படம் அமையவே அமையாது. எடுத்தேன். எடுத்து, "எங்கள் மக்களின் தாகம்"னு போட்டு ஏத்திட்டேன். ஏஐதான் அந்த வரியைக் குடுத்துச்சு. அக்கா, அன்னைக்கு ஒரே நாள்ல வந்த பணம் அதுவரைக்கும் மொத்தமா வந்ததை விட ஜாஸ்தி. துபாய்ல இருந்து போட்டிருக்காங்க. சாயந்திரத்துக்குள்ள நாம கேட்ட தொகை நிறைஞ்சே போச்சு. மாரியைக் கூப்பிட்டேன், "பாரு மாரி, பாரு"ன்னு. அந்தப் படத்தை விரல் வெச்சுப் பெருசாக்கிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். வரிசையில கடைசிக் குடம் பச்சை. கழுத்துல சூடு பட்டு உருகின தழும்பு இருக்கு.

அது எங்க குடம்.

அவளும் கொண்டு போய் வெச்சிருக்கா. எப்ப வெச்சான்னே தெரியல. நான் உள்ளதான் இருந்திருக்கேன்.

மறுநாள் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டா. ஒரு பை, அந்தக் குடம், அவ்வளவுதான் எடுத்துட்டு வந்தா. சண்டை போடலை. போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். குடத்தை எதுக்கு எடுத்துட்டுப் போறேன்னு கேட்டேன். "நீங்க என்ன தண்ணியா பிடிக்கப் போறீங்க"ன்னா. மச்சான் அன்னைக்கு சாயந்திரம் போன் போட்டான். "மாப்ளே, உங்களுக்குத்தான் இருநூறு பொம்பளைங்க இருக்காங்களாமே, ஒருத்தி குறைஞ்சா தெரியவா போகுது"ன்னான். அவன் எப்பவும் அப்படித்தான் நக்கலாப் பேசுவான். நானும் சிரிச்சேன்.

இல்லைக்கா, அழலை. வத்தல் நெடி. கண்ணுல ஏறிருச்சு.

பணம் நிறைஞ்சும் ஏன் இப்படி நிக்கிறேன்னா, பணம் போட்டதுல ஒரு லேடி, கரூர்ப் பக்கமாம், கேள்வி எழுதிட்டாங்க. "குடத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெண் நேராக நிற்கிறாள். இது நிஜப் பெண்ணா?"ன்னு. மாரி சொன்னதேதான். அதைப் பார்த்து இன்னும் நூறு பேர் கேட்டுட்டாங்க. பணம் பிரிச்சுக் குடுக்கிற அந்த வெப்சைட்டுல இருந்து எனக்கு மெயில் வந்துச்சு. இந்தப் பெட்டியைப் பயன்படுத்துற நிஜமான ஒரு பெண், தன் வாயால பேசுற வீடியோ ஒண்ணு வேணும். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள.

முதல் தெருவுக்கு ஓடினேன். எல்லார் காலையும் பிடிக்காத குறை. நாப்பது வீட்டுலயும் ஒரே பதில். "பெட்டி ரொம்ப நல்லாருக்கு தம்பி, ஆனா வீடியோ வேண்டாம்." மோட்டார் தெரிஞ்சிரும்ல. மோட்டார் தெரியலேன்னாலும் முகம் தெரியும், முகம் தெரிஞ்சா வீடு தெரியும். அந்தக் கேபிளான்னு கேட்ட அம்மா, இந்தத் தடவை கேட்டைத் திறந்து காபியெல்லாம் குடுத்தாங்க. வீடியோன்னதும் டம்ளரை வாங்கிட்டாங்க. நான் பாதிதான் குடிச்சிருந்தேன்.

மோட்டார் இல்லாதவ, அந்தப் பெட்டி மாட்டின குழாய் உள்ளவ, நிஜமானவ, ஒருத்திதான் இருக்கா. அவதான் இங்க வந்துட்டா.

நேத்து உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். மாரி இதுவரைக்கும் எனக்கு வாட்ஸப்ல அனுப்பினதையெல்லாம் ஏஐகிட்ட குடுத்து, "நீ மாரி மாதிரி பேசு, நான் உன்னைக் கூப்பிட வந்திருக்கேன்"னேன். அவ அனுப்பினதுல என்ன இருக்கு? 'பால் வாங்கிட்டு வாங்க', 'கேஸ் வந்துருச்சு', 'சாப்பிட வர்றீங்களா'. இவ்வளவுதான். அதை வெச்சு அது, "நீங்கள் வந்ததே எனக்குப் போதும், உங்கள் கனவில் நானும் ஒரு பங்கு"ன்னுச்சு. எனக்கு அப்படியே மனசு நிறைஞ்சு போச்சு. திரும்பத் திரும்பக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் வர்றேன்னே சொல்லுச்சு.

அப்புறம் போனை வெச்சுட்டு, சரி, நிஜ மாரி என்ன சொல்லுவான்னு யோசிச்சேன்க்கா. எதிர்ல அவ நிக்கிறதா நினைச்சுக்கிட்டு யோசிச்சேன். ஒரு வார்த்தைகூட வரல. எட்டு வருஷம் ஆச்சு கட்டிக்கிட்டு. அவ வாயைத் திறக்கிற மாதிரி தெரியுது, சத்தம் இல்ல.

இப்ப மணி என்ன? நாலே முக்காலா? எங்கதான் போயிருக்கா? பம்புசெட்டுக்கா? அது எவ்வளவு தூரம்? அவ்வளவு தூரமா? ஒரு நாளைக்கு எத்தனை நடை நடக்கிறா? மச்சான் வீட்டுல வேற யாரும் போக மாட்டாங்களா? பாப்பாவும் கூட நடக்குதா?

அக்கா, ஒண்ணு கேட்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. அவ நேரத்துக்கு வரலேன்னா நீங்க சொல்லுங்களேன். நீங்களும் நிஜ ஆள்தானே. "நான் தங்கமாரி"ன்னு ஆரம்பிச்சு ரெண்டு வரி. நான் எழுதி வெச்சிருக்கேன், வாசிச்சாப் போதும். யாருக்குத் தெரியப் போகுது? முகம்கூட வேண்டாம், இப்படிப் பக்கவாட்டுல. வேண்டாமா? சரி. சரிக்கா. கோவிச்சுக்காதீங்க. நீங்க கிள்ளுங்க. மாரிகிட்ட மட்டும் இதைச் சொல்லிராதீங்க.

உங்ககிட்ட இவ்வளவு பேசிட்டேன். அவகிட்ட இதுல பாதி பேசியிருப்பேனான்னு தெரியல. நீங்க கேட்டுக்கிட்டே இருக்கிறீங்க, அதான். சுமதி மாதிரியே.

அந்தா, வர்றது யாரு? மாரிதான். பச்சைக் குடம். பாப்பா சேலையைப் பிடிச்சுக்கிட்டு வருது. இளைச்சிருக்கு.

அக்கா, பாருங்களேன். உடம்பு எப்படிச் சாஞ்சிருக்கு பாருங்க. ஒரு கையைத் தூரமா நீட்டிக்கிட்டு. நிறைகுடம்க்கா. கரூர் லேடி இதைத்தான் கேட்டாங்க. இதை எந்த ஏஐயாலயும் செய்ய முடியாது.

மாரி. மாரி, நில்லு. திரும்பிப் போகாத. ஒரு நிமிஷம். அந்தச் சந்துக்குள்ள போகாத, பாப்பாவுக்கு முள்ளு குத்தும். ஆங், அங்கயே. அங்கயே நில்லு. இறக்காத. குடத்தை இறக்காத மாரி. என்னை என்ன வேணும்னாலும் பேசு, அப்புறம் பேசு, ராத்திரி முழுக்கப் பேசு, கேட்கிறேன். இப்ப அப்படியே இடுப்புல வெச்சுக்கிட்டு நில்லு. நீ ஒண்ணும் சொல்லக்கூட வேண்டாம். நின்னாலே போதும். அப்பாவைப் பார்க்கிறியா பாப்பா? அப்பாவைப் பார்க்காத, போனைப் பாரு.

கையில பிடிச்சா படம் ஆடிரும்க்கா. நீங்க பிடிக்கிறீங்களா? ஆமா, உங்க கையெல்லாம் வத்தல். வேண்டாம், இருங்க. இந்தச் சுவத்து மேல சாய்ச்சு வெச்சா நிக்கும். உயரம்தான் பத்தல. கனமாத்தான் இருக்கும், தெரியும் மாரி, இந்தா ஆச்சு. இந்தச் சொம்புத் தண்ணியைக் கீழ ஊத்திட்டு, இப்படிக் கவுத்து வெச்சு, அது மேல போனைச் சாய்ச்சா...

ம். நிக்குது.